கிறித்துவக் கல்லூரியில் வரலாறும் அரசியலும் பயிலலாமா?

(ஜமாஅத் ஆண்டு விழாவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, "ஹள்ரத், பிள்ளைக்குக் கிறித்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வரலாறும் அரசியல் அறிவியலும்தான் அமைந்தது. சேர்க்கலாமா?" என்று வினவுகின்றனர். அவ்வினாவில் ஈமானைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. பிழைப்பைப் பற்றிய அச்சமும் இருக்கிறது.

சீனம் சென்றேனும் கல்வி கற்க வேண்டும் என்னும் சொல்லை மேடைதோறும் கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பதால் அதை நான் ஆதாரமாக எடுக்கவில்லை. அதைவிட வலுவான சான்று நம்மிடம் உண்டு. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியருள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனத்துச் சிறார்களுக்கு எழுத்தறிவித்தலையே தம் மீட்புத் தொகையாகச் செலுத்த அனுமதிக்கப்பட்டனர். அவ்வாசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். முந்தைய நாள் வரை வாளேந்தி எதிர்த்து நின்றவர்கள். ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தவர்களும் நபிகளார் (ஸல்) அவர்களே.

"அங்கே பிரார்த்தனைக்கு நிற்க வைத்துவிடுவார்களே?" எனலாம். இதற்கு நாட்டின் சட்டமே விடை கூறுகிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும், அவரது சம்மதமின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது. வயது நிரம்பாதவராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. கிறித்துவர்கள் தம் கல்லூரியை நடத்துவதற்கும், நம்மவர் 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் தொடங்கி இன்றளவும் நடத்துவதற்கும் பாதுகாப்பாக நிற்பது 30ஆம் பிரிவு. இவ்விரண்டையும் அறிந்தோர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? இவற்றைக் கற்பிக்கும் பாடத்தின் பெயர்தான் அரசியல் அறிவியல்.

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை நினைவுகூர்கிறேன். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அப்பெருமகனார், திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். முன்னது ஏசு சபைத் துறவியருடையது. பின்னது ஸ்காட்லாந்து மிஷனரிமார் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அக்கல்லூரி 1937இல்தான் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அவர் பயின்ற காலத்தில் சென்னை நகருக்குள்ளேயே இருந்தது. அங்கே அவர் ஈமானை இழந்தாரா? 1948 நவம்பர் 23ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் அவரே. அத்திருத்தம் ஏற்கப்படவில்லை. எனினும் அவர் எடுத்துரைத்த வாதம் சபை நடவடிக்கைகளில் அச்சேறி நிலைத்திருக்கிறது; பொது சிவில் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் அப்பக்கங்களைப் புரட்டுகின்றனர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. நம் இளைஞர்கள் படகில் செல்லவும் படம் எடுக்கவும் அங்கே போகிறார்கள். முகலாயர் காலத்தில் எழுந்த அக்கோட்டையில் நாணயச் சாலை இருந்தது. 1750இல் முஸஃபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு வழங்கினார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். நம் உப்பளங்களுக்கும் கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. தான் விளைவித்த உப்பைத் தன் விருப்பப்படி விற்க உரிமையற்றவனாக உப்பளத் தொழிலாளி ஆனது அவ்வாறுதான். உப்புப் பாத்தியில் கால் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதை அறிய வேண்டாமா?

நம் பள்ளிவாசல்களையே நேரடியாகத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டினாலேயே ஒரு சொத்து வக்ஃபாகும் என்னும் கோட்பாட்டை இனிவரும் சொத்துகளுக்கு நீக்கிவிட்டது. ஆவணம் இருந்தால்தான் வாதம் நிற்கும். ஆங்கிலேய அரசு 1858இல் இனாம் கமிஷனை அமைத்து, கோயில், பள்ளிவாசல், தர்கா ஆகியவற்றுக்குரிய மானிய நிலங்களை விசாரித்துப் பதிவேடுகளில் ஏற்றியது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அத்தகைய பதிவேடுகள் இருக்கின்றன. தென்னாற்காடு மாவட்டத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்து, பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படித்து, இன்றைய சர்வே எண்ணோடு பொருத்திக் காட்டப் போகிறவர் யார்? இஞ்சினியருக்கு அது பயிற்சியன்று. மத்ரஸாவில் ஓதிய எனக்கும் அன்று. வரலாறு படித்த பிள்ளைக்கே அது இயலும்.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுள் முஸ்லிம்கள் நூற்றுக்கு 3 பேரே என்று காட்டியது. அத்தேர்விலும் தமிழ்நாடு தேர்வாணையத் தேர்வுகளிலும் வரலாறும் அரசியல் சாசனமும் தவறாமல் இடம்பெறுகின்றன. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பும் உண்டு, பி.எட்.டும் உண்டு. உடனே சம்பளம் வருமென்று நான் வாக்களிக்க மாட்டேன். இஞ்சினியரிங் முடித்தவருக்கும் அவ்வாக்குறுதியை எவரும் தரவில்லை.

சேருமுன் கல்லூரி அலுவலகத்தில் மரியாதையுடன் கேட்டறிய வேண்டியவை சில: ஜும்ஆ நேரத்தில் வகுப்பு உண்டா, விடுதியில் ஹலால் உணவு கிடைக்குமா, பெண்பிள்ளைகளின் முக்காட்டுக்குத் தடை உண்டா என்பன. சிலுவைப் போர் போன்ற பாடங்களில் ஐயம் எழுந்தால், விடுமுறையில் வரும்போது இஷாவுக்குப் பின் பள்ளிவாசலுக்கு வாருங்கள். இரு தரப்பு நூல்களையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். நமது பைத்துல்மால் கல்வி உதவித்தொகை தொழிற்கல்விக்கு மட்டுமே என்று விதி இருக்கிறது. இவ்வாண்டு வரலாற்றுப் பாடத்திற்கு இடம் பெற்ற ஒரு மாணவியின் விண்ணப்பம் அதனால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. முதல் பருவக் கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்குகிறது. அதற்குமுன் கூடி, அவ்விதியிலுள்ள "தொழிற்கல்வி" என்னும் சொல்லை "பட்டப்படிப்பு" என்று மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.