நெக்கார்க் கரையில் ஒரு கோபுர அறை



ஜெர்மனியில், 1477ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் விளங்கும் தூபிங்கன் நகரின் ஆற்றங்கரையில் கூடாரமடித்து இரு நாள்கள் தங்கினோம். முதலிரவே மழை. நனைந்த போர்வைகளைக் காயவிட்டு ஊருக்குள் நடந்தோம். கோட்டையையும் பழைய சந்தைச் சதுக்கத்தையும் விரைந்து பார்த்து முடித்தேன். நெடுநேரம் நின்றது ஆற்றோரத்து மஞ்சள் கோபுர வீட்டில்தான்.

மனம் பிறழ்ந்த கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த இல்லம் அது. மூன்றாண்டுகளே இருப்பார் என்று மருத்துவர்கள் கைவிட்டவரை, அவர் நூலைப் படித்துப் போற்றிய எர்ன்ஸ்ட் சிம்மர் என்னும் தச்சர் 1807இல் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். 1843இல் இறக்கும்வரை, 36 ஆண்டுகள், கவிஞர் அங்கேயே இருந்தார். பார்க்க வந்தோர் கேட்டபோது பாட்டெழுதிக் கொடுத்தார். அடியில் ஸ்கர்தனெல்லி என வேறொரு பெயரும் பொருந்தாத ஆண்டும் இட்டார். பாட்டைக் கொடுத்தவர் தம் பெயரைக் கொடுக்கவில்லை!

1875இல் அக்கோபுரம் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. எனவே நான் நின்றது அவர் நடந்த தரையன்று. சன்னலுக்கு வெளியே ஆறு மட்டும் பழையது. படமெடுக்க மனம் வரவில்லை. நானும் வேடிக்கை பார்க்க வந்தவன்தானே. நம் மன்றத்தில், "உடனே ஒரு கவிதை" என்று பிறரை மிகுதியாக வற்புறுத்தியவனும் நானே.

அன்றிரவு ஈரக் கூடாரத்தில் நண்பர் கேட்டார்: "ஐயா, இதைப் பற்றி ஒரு கவிதை சொல்லுங்களேன்."

நான் விளக்கை அணைத்தேன்.