நானூறு ஜாடிக் கீரை



மகளிர் தினக் கூட்டம். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வரலாறு படைத்த பெண்கள்’. அழைப்பிதழைப் பார்த்ததும், ராணி, மந்திரி, விண்வெளிக்குப் போனவர் என்று யாரையாவது பற்றிப் பேசச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். நான் பேசப்போவது பருத்தி எடுத்துப் பிழைத்த ஒரு அம்மாவைப் பற்றி. அவருக்குப் புருஷன் உண்டு, வளர்ப்பு மகள்கள் உண்டு, பேத்திகள் உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். பெயர் ஃபேனி லூ ஹேமர். ஊர், அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம்.

1917 அக்டோபர் 6-ஆம் தேதி பிறந்தார். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மற்ற நாளெல்லாம் பருத்திக் காட்டில் குனிந்து கிடப்பார், ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் சபையில் நிமிர்ந்து நின்று பிரசங்கம் செய்வார். கறுப்பின மக்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக வார விவசாயம் வந்திருந்தது. நிலம் பண்ணைக்காரருடையது, பாடு இவர்களுடையது, விளைச்சலில் பாதிப் பங்கு. அந்தப் பாதியிலும் விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, கடையில் வாங்கிய மாவுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கணக்கு நோட்டு யார் கையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேனி லூவுக்கு ஆறு வயது. பண்ணைக்காரர் வண்டியை நிறுத்திக் கூப்பிடுகிறார்: “முப்பது பவுண்டு பருத்தி எடுத்துக் காட்டு, என் கடையில் தின்பண்டம் தருகிறேன்.” முப்பது பவுண்டு என்றால் பதிமூன்றரை கிலோ. பஞ்சின் கனம் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். குழந்தை எடுத்துவிட்டது. அடுத்த வாரம் அறுபது பவுண்டு கேட்டார்கள். அதற்கப்புறம் அந்தச் செடிக்காட்டை விட்டு அவர் வெளியே வர முப்பத்தெட்டு வருஷம் ஆனது.

ஒரு கட்டத்தில் குடும்பம் கொஞ்சம் தலைதூக்கியது. அப்பா சொந்தமாகக் கோவேறு கழுதைகள் வாங்கினார், ஒரு வண்டி வாங்கினார். ஒரு நாள் ராத்திரி யாரோ தீவனத்தில் பூச்சி மருந்தைக் கலந்துவிட்டார்கள். கழுதைகள் செத்தன. குடும்பம் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பொறாமை பிடித்த வெள்ளைக்காரர் ஒருவர் செய்த வேலை என்று ஹேமர் பின்னால் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கோ, காட்டைத் திருத்தும்போது கண்ணில் ஏதோ தெறித்து, வைத்தியம் இல்லாமல் பார்வை போனது.

1940-களின் நடுவில் பெர்ரி ஹேமர் என்ற டிராக்டர் ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு ரூல்வில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணைக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அங்கே கணக்குப்பிள்ளை வேலை: யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதுவது. பண்ணைத் தராசில் எடை குறைத்துக் காட்டும் கள்ளக்கல் இருந்தது. இந்த அம்மா என்ன செய்தார்? சரியான எடைக்கல் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோவார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் கல்லை மாற்றிப் போடுவார். ஓட்டு, உரிமை, போராட்டம் என்ற பேச்செல்லாம் காதில் விழுவதற்கு முன்பே செய்த காரியம் இது. அவரைத் தெரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு செய்தி போதும்.

1961-இல் சின்னக் கட்டி ஒன்றை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அந்த நாளில் இது சாதாரணமாக நடந்தது. தாய்மார்களே, இதை நான் விவரிக்கப் போவதில்லை. பெற்றால்தான் பிள்ளையா என்று கேட்போம் அல்லவா? வறுமைப்பட்ட வீடுகளிலிருந்து வந்த இரண்டு பெண் குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாக அந்தத் தம்பதி வளர்த்தார்கள்.

1962 ஆகஸ்டில் ரூல்வில் சபையில் ஒரு கூட்டம். ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பேசுகிறார். மேற்கே மேகம் எழும்பினால் மழை என்று தெரிகிற உங்களுக்குக் காலத்தின் அடையாளம் தெரியவில்லையா என்று இயேசு கேட்கும் இடம். விவசாயிக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வசனம் ஏது? பிறகு இன்னொருவர் எழுந்து, உங்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்கிறார். ஹேமருக்கு வயது 44. தனக்கு ஓட்டு உண்டு என்ற சேதி அன்றைக்குத்தான் அவர் காதில் விழுகிறது.

ஆகஸ்ட் 31-ஆம் தேதி பதினெட்டு பேர் ஒரு பழைய பேருந்தில் இண்டியானோலா என்ற மாவட்டத் தலைமையிடத்துக்கு ஓட்டுக்குப் பதிவு செய்யப் போனார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். தேறவில்லை. தேறக்கூடாது என்பதற்குத்தானே பரீட்சையே! திரும்பும் வழியில் போலீஸ் மறித்தது. பேருந்தின் மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறதாம், ஓட்டுநருக்கு அபராதம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் குற்றச்சாட்டு. உள்ளே எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் ஞானப்பாட்டு பாடத் தொடங்கியது. அது ஹேமரின் குரல்.

அன்று இரவே பண்ணைக்காரர், பதிவு மனுவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு வருஷம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பினார். கணவர் மட்டும் அறுவடை முடியும் வரை அங்கேயே இருந்தாக வேண்டும். பத்து நாள் கழித்து ஹேமர் அடைக்கலம் புகுந்த வீட்டின் மீது பதினாறு குண்டுகள் சுட்டார்கள். தப்பித்தார். டிசம்பரில் மறுபடியும் போய்ப் பரீட்சை எழுதித் தேறினார்.

1963 ஜூனில் பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய அவரை வினோனா என்ற ஊரில் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். இரண்டு கறுப்பினக் கைதிகளையே மிரட்டி அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் பழுதாகி, நடையும் தாங்கிப்போனது. அதே சிறையில் நடந்த இன்னொன்றை நான் அதிகம் நினைப்பதுண்டு. காவலரின் மனைவி கொஞ்சம் இரக்கப்பட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். தானும் ஒரு நல்ல கிறிஸ்தவளாக வாழப் பார்க்கிறேன் என்றாராம். ஹேமர் அந்த அம்மாளைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு வசனம் வாசியுங்கள் என்றார். ஒன்று, பகையை மறைத்து வைத்தாலும் சபையில் அது வெளிப்பட்டுவிடும் என்கிற நீதிமொழிகள் 26:26. மற்றது, மனித இனம் முழுதும் ஒரே இரத்தம் என்கிற அப்போஸ்தலர் 17:26. அந்த அம்மாள் பிறகு பேச்சுக் கொடுக்கவே வரவில்லையாம். பக்தி என்று நாம் சொல்வதில் பாதி, நமக்கு வசதியான வசனத்தைப் படிப்பது. வசதியில்லாத வசனத்தைச் சிறைக்கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நீட்டியவர் ஹேமர்.

1964 ஆகஸ்ட் 22-இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் இதையெல்லாம் பற்றி அவர் சொன்ன சாட்சியத்தைத் தொலைக்காட்சி காட்டியதும், ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பேட்டி கொடுத்து ஒளிபரப்பைத் தன் பக்கம் இழுத்ததும், ராத்திரி அந்தப் பேச்சையே தொலைக்காட்சிகள் மறுபடி போட்டு நாடே கேட்டதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் அதோடு அவரை மேடையிலேயே நிறுத்திவிடுகின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகு, மண்ணில் நடந்தது.

பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில், கறுப்பினத்தவர் ஓட்டுக்குப் பதியப் போனதும், குளிர்காலத்துக்குக் கிடைத்துவந்த இலவச உணவுப் பொருளை நிறுத்தியிருந்தார்கள். ரேஷனை நிறுத்தினால் வாய் மூடும் என்ற கணக்கு. பசியின் கொடுமை ஹேமரின் சொந்த வீட்டுக்குள்ளேயும் வந்தது. 1967-இல் அவருடைய மூத்த மகள் பிரசவத்துக்குப் பிறகு உடல் தேறாமல், ஊட்டமில்லாமல் நோயில் விழுந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. மெம்ஃபிஸ் நகரத்துக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. இரண்டு கைக்குழந்தைகள் நின்றன. ஐம்பதை ஒட்டிய வயதில், உடம்பெல்லாம் நோவோடு, அந்தப் பேத்திகளைச் சட்டப்படி தத்தெடுத்து மறுபடியும் தாயானார்.

1969-இல் நாற்பது ஏக்கர் வாங்கி ‘ஃப்ரீடம் ஃபார்ம்’ என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். பிறகு அறுநூற்று நாற்பது ஏக்கர் சேர்ந்தது. வெண்டை, கீரை, பட்டாணி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம் போட்டார்கள். கடனைக் கட்ட சோயாவும் பருத்தியும். மாதச் சந்தா ஒரு டாலர். அந்த ஒரு டாலரைக் கட்ட முடிந்தது சுமார் முப்பது குடும்பங்களால்தான். ஆனால் உறுப்பினர் என்று எழுதிக்கொண்டது ஆயிரத்தைந்நூறு குடும்பம். காசு கட்டாதவரைக் கணக்கிலிருந்து தள்ளவில்லை.

நீக்ரோ மகளிர் தேசிய கவுன்சில் என்ற அமைப்பின் உதவியோடு ‘பன்றி வங்கி’ ஒன்றும் தொடங்கினார். நம் பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. சினைப்பன்றியைக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் தாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், குட்டிகளில் இரண்டை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்கு விட வேண்டும். மிச்சம் அவர்களுக்கு. வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது.

இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: குளிர்காலத்துக்கு நானூறு ஜாடிக் கீரையும் குழம்பும் பதப்படுத்தி அடுக்கி வைத்திருக்கிறவளை, இதைப் பேசு, அதைச் செய் என்று எவனும் மிரட்ட முடியாது. அரசியல் நூல் எழுதுகிறவர்கள் பல பக்கத்தில் சொல்வதைப் பண்ணை வீட்டுக்காரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுப்படி தெரிந்தவருக்குத்தான் அது வரும்.

பண்ணை நிலைத்ததா? இல்லை. மழை தப்பியது, வெள்ளம் வந்தது, நன்கொடை வற்றியது, அவருக்கும் உடம்பு முடியவில்லை. 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. 1977 மார்ச் 14-இல், 59 வயதில் காலமானார். அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் ரூல்வில் சபைக்கு வந்து இறுதி உரை நிகழ்த்தினார். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அவருக்குத் தன் மிக உயர்ந்த குடிமக்கள் விருதைக் கொடுத்தது. நாற்பத்தெட்டு வருஷம் தாமதம்.

தாய்மார்களே, நமக்குப் பேருந்தை மறிக்கிற போலீஸ் இல்லை, பரீட்சை இல்லை. மார்ச் 22-ஆம் தேதி கிராமசபைக் கூட்டம். போன கூட்டத்தில் நூறு நாள் வேலைக் கூலி பற்றி ஒரே ஒரு பெண் எழுந்து கேட்டார், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.