சர்க்கரை வரியும் கவிதைப் புத்தகமும்

(தேவாலாவில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பாட்டி இலங்கையிலிருந்து கொண்டுவந்த பாஸ்போர்ட் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் அப்படி ஒன்று இருக்கும். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் நம் மக்களைக் கேட்காமலே பங்கு பிரித்தது. அதற்கு முன்பே, 1948-இல், மலையகத் தமிழர்களின் குடியுரிமையை இலங்கை அரசு சட்டம் போட்டுப் பறித்துவிட்டது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போன கூலிகள்தானே என்று பலர் பேசாமல் இருந்தார்கள்.

அந்த நாட்டில் 2019 நவம்பரில் முன்னாள் ராணுவ அதிகாரி கோத்தபய ராஜபக்ச அதிபரானார். பாதுகாப்புச் செயலாளர் ஓய்வுபெற்ற ஜெனரல். கொரோனா தடுப்புப் பணிக்கும் ராணுவத் தளபதிதான் தலைமை. ‘மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் ஊழல் ஒழியும்’ என்று நம் டீக்கடையிலும் சொல்கிறார்கள். அங்கே ஒழிந்ததா?

2020 மே மாதம், தமிழில் கவிதைப் புத்தகம் எழுதிய அஹ்னாப் ஜெஸீம் என்ற இளம் ஆசிரியரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். கடைசியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 13-இல் இறக்குமதிச் சர்க்கரைக்கான வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பின் பலன் கடையில் வாங்குகிறவருக்கு வந்து சேரவில்லை. அரசுக்கு 1,500 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் இழப்பு. ஒன்பதே நாளில், அக்டோபர் 22-இல், 20-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அரசுக் கொள்முதலையும் தணிக்கைப் பணியையும் கவனித்த இரண்டு சுயேச்சை ஆணையங்களை அது ஒழித்தது.

கவிதைக்கே ஒன்றரை ஆண்டு சிறை என்றால், சர்க்கரைக் கணக்கை எந்தக் குமாஸ்தா வெளியே சொல்வார்? பேச்சுரிமை போன பிறகு கஜானாவுக்குக் காவல் கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தமிழர்களை ஒடுக்க 1979-இல் வந்த அந்தச் சட்டம் பிறகு முஸ்லிம்கள் மீது பாய்ந்தது. 2022-இல் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயையும் அதே சட்டத்தில்தான் அடைத்தார்கள். பொருளாதாரச் சரிவுக்கு ராஜபக்ச சகோதரர்கள் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2023 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் தோட்ட லயங்களில் அடுப்பு அணைந்திருந்தது.

நம்மைக் குடியமர்த்த 1968-இல் தொடங்கியதுதான் டேன்டீ. அதன் கணக்கை, நம் வீட்டு நிலையை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கேட்பவரை ‘சிலோன்காரன்’ என்று எவராவது ஒதுக்கினால், அன்று அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

ஜெய் பீம்!