இதயத்தின் இரு பகைவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் மருத்துவன் அல்லேன். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் ஒரு மாணவன். ஆயினும், மாளிகாவத்தையில் வாழும் எவரும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அந்நியர் அல்லர். நம் பகுதியிலேயே சிறுநீரக நோய்க்கான தேசிய நிலையம் இருக்கிறது. இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரித்துக்கொள்ள அங்கே வருவோரை நாம் அறிவோம். உலகெங்கும் சிறுநீரகம் பழுதடைவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று நீரிழிவு, மற்றது உயர் இரத்த அழுத்தம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் இதே இருவர்தாம் இதயத்தையும் கெடுக்கின்றனர். அதுவும் தனித்தனியே அன்று, கைகோத்து நின்று.

முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்ப்போம். நம் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,00,000 தடவை துடிக்கிறது. நான் கற்ற மிஷன் பாடசாலையில் உயிரியல் ஆசிரியர் ஓர் ஆட்டின் இதயத்தைப் பிளந்து காட்டினார். உடலெங்கும் குருதியைத் தள்ளும் இடது கீழறையின் சுவர், வலது பக்கத்துச் சுவரைவிட எவ்வளவு தடிப்பானது என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். குழாயில் எதிர்ப்பு அதிகமானால் தள்ளும் தசை தடித்தே தீரும். 120/80 என்ற அளவில் இருக்கவேண்டிய அழுத்தம் 140/90க்கு மேலேறி ஆண்டுக்கணக்கில் நின்றால், அந்தச் சுவர் மேலும் தடித்து, விறைத்து, தளர்ந்து நிரம்பும் தன்மையை இழக்கிறது. மல்லனின் புயம் தடிப்பது பலம். இதயம் இவ்வாறு தடிப்பதோ பலவீனத்தின் தொடக்கம்.

இனி நீரிழிவு. சிறுநீரில் இனிப்பு இறங்குவதைக் கண்டு இதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். ஆனால் கேடு சிறுநீரோடு நிற்பதில்லை. குருதியில் மிகுந்த சீனி நாடிகளின் உட்புற மென்படலத்தைப் புண்படுத்துகிறது, புண்பட்ட இடத்தில் கொழுப்புப் படிகிறது, நாடி ஒடுங்குகிறது. இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளும் இதற்கு விலக்கல்ல. இதனினும் கொடியது ஒன்றுண்டு. நீரிழிவு நரம்புகளையும் கெடுப்பதால், மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலிக்காமலே போகலாம். களைப்பு, வியர்வை, மூச்சு முட்டல் மாத்திரமே தோன்றும். “வாய்வாக இருக்கும், இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தால் சரி” என்று அந்த வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலம் கடந்துவிடுகிறது.

இருவரும் கூடினால் யாது நிகழும்? அழுத்தம் நாடியின் சுவரை அடித்துப் புண்ணாக்க, சீனி அப்புண்ணை ஆறவிடாது தடுக்கிறது. சீனி சிறுநீரகத்தைப் பழுதாக்க, பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. ஒரு பக்கம் இதயத்தின் வேலை கூடுகிறது. மறு பக்கம் அவ்வேலைக்கு வேண்டிய குருதி குறைகிறது. கூலியைக் குறைத்துச் சுமையைக் கூட்டினால் எந்தத் தொழிலாளி தாங்குவான்?

ஆனால் இக்கதைக்கு நம்பிக்கையான பகுதியும் உண்டு. பிரித்தானியாவில் இரு நோயும் உள்ள 1,148 பேரை எட்டாண்டுகளுக்கு மேலாக அவதானித்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 1998 இல் வெளியாயிற்று. ஒரு சாராரின் அழுத்தம் சராசரி 154/87 இல் நின்றது. மறு சாராருக்கு 144/82 வரை இறக்கப்பட்டது. வித்தியாசம் மேல் எண்ணில் பத்து, கீழ் எண்ணில் ஐந்து, அவ்வளவே. அதன் பயனாக நீரிழிவு சார்ந்த மரணம் 32 வீதமும், பாரிசவாதம் 44 வீதமும், இதயச் செயலிழப்பு 56 வீதமும் குறைந்தன. சீனியை மட்டும் பார்த்துக்கொண்டு அழுத்தத்தை மறப்போருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

நம் நாட்டின் நிலைமை என்ன? 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் நடத்திய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தமக்கு நோய் உண்டென்பதையே அறியாதிருந்தனர். கிராமத்தைவிட நகரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். “உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, பிறகேன் குளிசை?” என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். ஒன்றும் செய்யாதிருப்பதே அக்குளிசையின் வேலை. கிளினிக்கில் எண் நன்றாக வந்தால் அது நோய் போனதற்கு அறிகுறியன்று. மருந்து வேலை செய்வதற்கு அறிகுறி. விரத நாட்களில் உணவை விட்டு இன்சுலினையும் குளிசையையும் வழக்கம்போல் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆதலால் விரதத்துக்கு முன்னரே வைத்தியரைக் கேளுங்கள். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடைப் பலகாரம் யாவற்றிலும் உள்ள உப்பு இதில் அடங்கும்.

இளைஞர்களே, நமக்கும் கடமையுண்டு. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் முப்பது கிராமியச் சமூகங்களில், 2,645 பேரிடையே நடந்த ஆராய்ச்சி ஒன்று 2020 இல் வெளியாயிற்று. வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து, புத்தி சொல்லி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில் அவர்கள் சென்ற சமூகங்களில் மேல் எண் மற்றைய சமூகங்களைவிட ஏறக்குறைய ஐந்து புள்ளி அதிகமாக இறங்கியிருந்தது. கதவைத் தட்டும் கைக்கும் மருந்தின் பலன் உண்டென்பது இதனால் விளங்குகிறது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு பிரேரணையை வைக்கிறேன். அழுத்தமானி ஒன்றை வாங்குவோம். அதைப் பயன்படுத்தும் முறையை நான்கு அங்கத்தவர் ஒரு தாதியிடம் முறையாகக் கற்கட்டும். மாதமொருமுறை தொடர்மாடி வீடுகளுக்குச் சென்று அளந்து, எண்ணை ஒரு கொப்பியிற் குறிப்போம். நோய் இன்னதென்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. எண் மிகுந்தவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வதே நம் வேலை. 35 வயதைக் கடந்தோரை, சுகாதார அமைச்சு 2011 முதல் திறந்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு அழைத்துச் செல்வோம். அங்கே சீனியும் அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படும்.

ஒரு விழாவின் மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும். அடுத்த ஆண்டு இம்மலர் வெளிவரும்போது, எத்தனை வீட்டுக் கதவுகளைத் தட்டினோம் என்ற கணக்கும் அதில் இடம்பெறுவதாக. இப்போது முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் யாவரும் அன்றும் அதே ஆசனங்களில் அமர்ந்து அதைப் படிக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.