நம்ம பாட்டன் வெட்டிய பாதை

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம மலை வழியாக வெளிநாட்டுக்காரர்களும் கொழும்புப் பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்கிறோம். சிலர் சைக்கிளில் போகிறார்கள். சிலர் விடியற்காலையில் ஓடுகிறார்கள். "வேலை இல்லாதவங்க" என்று சிரித்துவிட்டு நாம் பெரட்டுக்குப் போகிறோம். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

அந்தப் பாதைக்குப் பெயர் பெக்கோ டிரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். தேயிலை மலை, காடு, ஆறு எல்லாம் தாண்டிப் போகிறது.

இதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியது இல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு மலை மலையாகத் தோட்டம் வந்தது. ஸ்டோருக்கும் ரயிலுக்கும் தேயிலை கொண்டுபோகப் பாதை வெட்டினார்கள். அந்தப் பழைய பாதைகளை இணைத்ததுதான் இது. பிளான் போட்டது துரைமார். மண்வெட்டி பிடித்தது நம்ம பாட்டன் பூட்டன்.

வருகிறவர்களை நான் எதிர்க்கவில்லை. மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, பாதை ஒழுங்கு. போன மாதம் கொழுந்து மூட்டையோடு இறங்கிய ஒரு அக்கா, பின்னால் வந்த சைக்கிளுக்கு ஒதுங்கிக் கானில் விழுந்தார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர். சுமையோடு வருகிறவருக்குத்தான் முதல் வழி. சைக்கிள்காரர் இறங்கி நிற்க வேண்டும். மருந்தடிக்கிற மலைக்குள் அன்றைக்கு யாரையும் விடக் கூடாது. இதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பலகையில் எழுத வேண்டும்.

இரண்டு, வேலை. எந்த மரத்தில் குளவிக்கூடு, எந்த ஆறு மழைக்குப் பெருகும் என்று தெரிந்தவர்கள் நம்ம பிள்ளைகள். வழிகாட்டிப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும்.

மூன்று, காணி. நடந்து களைத்தவர் இரவு தங்க இடம் தேடுகிறார். ரொட்டியும் சம்பலும் கொடுத்து ஒரு அறை விட நமக்குத் தெரியாதா? ஆனால் லயத்துக் காம்பரா யார் பெயரில் இருக்கிறது? பாதை நம்ம வாசலால் போகிறது. காசு டவுனுக்குப் போகிறது. காணி உறுதி நாம் குடியிருக்க மட்டும் இல்லை, தொழில் செய்யவும்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் உங்கள் டிவிசனில் பாதை எங்கே ஆபத்து, எந்தப் பிள்ளைகள் வழிகாட்டியாக விருப்பம் என்று எழுதித் தாருங்கள். கையெழுத்தோடு நிர்வாகத்திடம் கொண்டுபோவோம்.