இரண்டு கல்லூரி, மூன்று கணக்கு



பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "இந்தக் காலேஜா, அந்தக் காலேஜா?" விருப்பப் பட்டியலில் நீங்கள் மேலே போடும் கல்லூரிதான் உங்களுக்காக முதலில் பார்க்கப்படும். அதனால் விளம்பரப் பலகையைப் பார்த்து வரிசை போடாதீங்க. கையில் இருக்கும் செல்போனிலேயே மூன்று கணக்குப் போட்டுப் பாருங்க.

முதல் கணக்கு, செலவு. ஓர் உதாரணம். வெளியூர்க் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், விடுதிக்கு 80,000. உள்ளூர்க் கல்லூரியில் கட்டணம் 55,000, பேருந்துக்கு 25,000. கட்டணத்தை மட்டும் பார்த்தால் வெளியூர்தான் மலிவு. நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் வெளியூருக்கு 5,20,000, உள்ளூருக்கு 3,20,000. வித்தியாசம் இரண்டு லட்சம்!

உங்களுக்குரிய சலுகையையும் கழித்துப் பாருங்க. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றால், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அப்போது மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், அதற்கான சான்றிதழை இ-சேவை மூலம் முன்கூட்டியே வாங்கி வையுங்க. கலந்தாய்வில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

இரண்டாவது, பாடப்பிரிவு. நாக் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்க.

மூன்றாவது, படித்தவர்களின் சம்பளம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது, ஆண்டுச் சம்பளம் 3, 3, 3.5, 4, 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8.7 லட்சம். ஆனால் நான்கு பேர் வாங்குவது நான்கு லட்சத்துக்குள்தான்! வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பாருங்க: 3.5 லட்சம். அதாவது பிடித்தம் போகும் முன் மாதம் சுமார் 29,000 ரூபாய். அறை வாடகை, சாப்பாடு, கல்விக் கடன் தவணை எல்லாம் அதற்குள்தான்.

இந்த நடுநிலைச் சம்பளத்தை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிடுகின்றன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். 200 பேர் சேர்ந்து 60 பேருக்கு வேலை என்றால் அது 30 சதவீதம்தான். இந்தப் புள்ளிவிவரம் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துத்தான் வரும். ஆகவே உங்கள் பிரிவின் நிலவரத்தைக் கல்லூரியிலும், அங்கே படித்து முடித்தவர்களிடமும் தனியாகக் கேளுங்க.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்க. இந்தப் பக்கம் ஒரு கல்லூரி, அந்தப் பக்கம் இன்னொன்று. மூன்று கணக்கையும் எழுதிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்க. படிக்கப்போவது அவங்கதானே!