வீட்டுத் தோட்டமும் கொல்லாமை அறமும்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



அட்சய திருதியை உணவின் பெருமையை நினைவூட்டும் திருநாள். கற்பகத் தருக்களின் வளம் குன்றி மக்கள் பசியால் வாடியபோது, வாள், எழுத்து, உழவு, வித்தை, வணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தருளினார் ஆதிபகவன். அவரே துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பு நோற்று, பின் உணவேற்க எழுந்தருளியபோது, முனிவர்க்கு உணவளிக்கும் முறையறியாத மக்கள் மணிகளையும் யானைகளையும் குதிரைகளையும் கொண்டுவந்து நிறுத்தினர். அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவு பெற்றுக் கருப்பஞ்சாற்றை ஏந்தி நின்றபோதே அந்த நெடிய நோன்பு நிறைவுற்றது. உழவைக் கற்பித்த பெருமான் உழவின் விளைவையே முதல் தானமாக ஏற்றார். பொன்னும் மணியும் செய்ய இயலாததைக் கரும்பு செய்தது.

தமிழ்ச் சமணராகிய நாமும் உழவர் மரபினரே. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் நம் முன்னோர் ஏரையும் அறத்தையும் ஒருங்கே போற்றினர். இன்று நம்மில் பலர் நகரத்து அடுக்ககங்களில் வாழ்கின்றோம். காய்கறி பையில் வந்து சேர்கிறது. அது எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை உயிர்களை வருத்தி விளைந்தது என்பதை நாம் அறிவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. மண்ணைக் கிளறினால் சிற்றுயிர்கள் மடியுமே. அந்த வினை நமக்கு எதற்கு? கடையில் வாங்கி உண்டால் போதாதா? நல்ல வினாவே. இல்லறத்தார் சங்கற்ப இம்சையை, அதாவது எண்ணித் துணிந்து செய்யும் கொலையை, அறவே விலக்க வேண்டும். தொழிலாலும் இல்லப் பணிகளாலும் நேரும் இம்சையை விழிப்போடு இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறி. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினையைச் சேர்ப்பனவே என்றும் அவர்கள் உரைத்தனர். அவ்வாறாயின், விலை கொடுத்து வாங்குவதால் இம்சை நீங்குவதில்லை. அது நம் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவே. கண்ணுக்கு மறைந்ததைக் குறைப்பது எவ்வாறு? நம் கையால் விளைவிக்கும்போது அதைக் காண்கிறோம். கண்டால் குறைக்க முற்படுகிறோம். வீட்டுத் தோட்டத்தின் தலையாய பயன் இதுவே என்பது என் கருத்து.

நாவல் மரத்தைக் கண்ட அறுவர் கதையை நீங்கள் அறிவீர்கள். ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணினான். அடுத்தவன் பெருங்கிளையை, மூன்றாமவன் சிறுகிளையை, நான்காமவன் கொத்தை, ஐந்தாமவன் பழத்தை மட்டும் நாடினான். ஆறாமவன் கீழே உதிர்ந்தவற்றைப் பொறுக்கினாலே பசி தீரும் என்றான். கருமை தொடங்கி வெண்மை ஈறாக ஆறு இலேசியைகளை விளக்க எழுந்த கதை இது. மாடியில் நான்கு தொட்டிகள் வைத்தவர்க்கு இக்கதை நாள்தோறும் நிகழ்கிறது. முளைக்கீரையை வேரோடு பறிப்பதா, அரைக்கீரையை நுனி கிள்ளி மீண்டும் தழைக்க விடுவதா? அவரையும் வெண்டையும் கத்தரியும் செடியை வாழவிட்டே காய் தருகின்றன. கந்தமூலங்களை நம் முன்னோர் ஏன் விலக்கினர் என்பதைக் குழந்தைக்குச் சொல்லால் விளக்குவது கடினம். கொடியிலிருந்து காயைக் கொய்யும்போது, கொடி அப்படியே நிற்பதைக் காட்டினால் அது தானே உணரும்.

இம்சையைக் குறைக்கும் வழிகளையும் தோட்டமே கற்பிக்கிறது. காய்ந்த இலைகளை மூடாக்காக இட்டால் மண்ணை அடிக்கடி கொத்த வேண்டியதில்லை. பாகற்பிஞ்சை மெல்லிய துணிப்பையால் மூடினால் பழ ஈ அதில் முட்டையிடாது. நீர்த்தொட்டியை மூடி வைத்தால் கொசு பெருகாது. பெருகியபின் கொல்லும் நிலையும் வாராது. பகலொளியில் பறித்த கீரையை இலை இலையாகப் பார்த்துச் சமைத்துக் கதிரவன் மறையுமுன் உண்ணலாம். இவ்வளவும் செய்த பின்னரும் அணில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். அதைப் பகையாகக் கருதாதிருக்கப் பழகுவதும் ஒரு நோன்பே.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்துள்ளது. வகுப்பறையில் இதனைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். மாணவர் எழுதினர், மதிப்பெண் பெற்றனர். ஆனால், பாகற்கொடியின் சுருள் ஒரு குச்சியைத் தொட்டதும் அதைப் பற்றி வளைவதைப் பார்த்தவர்க்கே அந்த ஓரறிவு தொடுவுணர்வு என்பது மெய்யாக விளங்கும். விளங்கிய பின், இலையில் சோற்றை மிச்சம் வைக்க மனம் வராது.

மனத்துக்கு விளையும் நன்மையும் சிறிதன்று. பிள்ளைகள் தொலைவில் வாழ, முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. விடியலில் நீருக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்னும் எண்ணம் அவர்களை எழுப்பி நடமாட வைக்கும். விதைத்த வெண்டை காய்க்க ஏறத்தாழ 45 நாள் ஆகும். எவ்வளவு அவசரப்பட்டாலும் அது விரையாது. பொறுமை அங்கே தானே வந்து அமைகிறது. காய்த்தால் செருக்கும் காயாவிட்டால் துயரும் கொள்ளாத நடுவுநிலையும் மெல்லக் கைகூடும்.

பொன்னூர் மலையில் ஏலாசாரியர் அருளியது என்று நம் மரபு போற்றும் திருக்குறளில் கொல்லாமை 33ஆம் அதிகாரம். உழவு 104ஆம் அதிகாரம். ஒரே நூல் இரண்டையும் போற்றுகிறது. இரண்டையும் ஒரே இல்லத்தில் பேணுவது நமக்கும் இயலும்.

வரும் ஆடிப்பட்டத்தில் இல்லந்தோறும் ஓர் அவரை விதையேனும் ஊன்றுங்கள். குழந்தையின் கையால் ஊன்றச் செய்யுங்கள். முதலில் காய்ப்பதை முனிவர்க்கோ, நோன்பிருப்பவர்க்கோ, பசித்த அயலார்க்கோ அளித்துவிட்டு, அடுத்துக் காய்ப்பதை நீங்கள் உண்ணுங்கள். சிரேயாம்சன் ஏந்திய கருப்பஞ்சாற்றின் சுவை அதில் சிறிதேனும் இருக்கும்.

அறம் தழைக்க! எல்லா உயிரும் இன்புறுக!